பழைய லாரி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

வண்டி ஓடினால்தான் வருமானம் என்ற நிலையிலுள்ள வாடிக்கையாளர்கள் பலர் எங்கள் கிளைகளுக்கு ஒரே கேள்வியுடன் வருகின்றனர். பட்டறையில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தந்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைப் பழைய வண்டியில் போடலாமா, அல்லது வண்டியை விற்றுவிட்டுப் புதியது எடுக்கலாமா என்பதே அக்கேள்வி. ஹைதராபாத்தின் கட்டேதான், ஜீடிமெட்லா தொழிற்பேட்டைகளிலிருந்து சரக்கேற்றுபவர்களும், போயின்பள்ளி காய்கறிச் சந்தைக்கு லோடு கொண்டுவருபவர்களும் இதையே கேட்கின்றனர். இந்நகரை ஊடறுத்துச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாகக் கன்னியாகுமரி வரை செல்கிறது. அச்சாலையின் இரு முனைகளிலும் உள்ள லாரி உரிமையாளர்களுக்கு இக்கேள்வி பொதுவானது.

கடன் வழங்குவது வங்கியின் தொழில். ஆகவே புதிய வண்டி வாங்குங்கள் என்றே நாங்கள் சொல்வோம் எனப் பலர் எதிர்பார்க்கின்றனர். ஆனால் வண்டியின் வருமானம் தாங்காத கடன், வாங்கியவரையும் கொடுத்தவரையும் ஒருசேர வருத்தும். தவணை தவறிய லாரியைத் திரும்ப எடுத்து ஏலம் விடுவதில் எந்த வங்கிக்கும் ஆதாயமில்லை. ஓர் ஓட்டுநர் குடும்பத்தின் பிழைப்பு மட்டும் போகிறது. எனவே பழுது பார்ப்பதே சரி என்றால் அதையே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ஒப்பிட வேண்டியது எது?

பழுதுச் செலவு மூன்றரை லட்சம், புதிய வண்டியின் விலை இருபத்தெட்டு லட்சம் என ஒப்பிட்டால், பழுது பார்ப்பதே எப்போதும் மலிவாகத் தோன்றும். பழுதுச் செலவு மூன்றரை லட்சம், புதிய வண்டியின் மாதத் தவணை நாற்பத்தேழாயிரம் என ஒப்பிட்டால், புதிய வண்டியே எளிதாகத் தோன்றும். இரண்டுமே தவறான ஒப்பீடுகள். முதலாவது, இரண்டு வண்டிகளும் வெவ்வேறு காலம் உழைக்கும் என்பதை மறக்கிறது. இரண்டாவது, ஒரு முறைச் செலவையும் அறுபது மாதக் கடப்பாட்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

வண்டிக்காக இதுவரை செய்த செலவையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ‘சென்ற ஆண்டுதான் இரண்டு லட்சம் போட்டு கியர்பாக்ஸ் மாற்றினேன், இப்போது விற்க மனம் வரவில்லை’ என்பது இயல்பான உணர்வு. ஆயினும் அப்பணம் செலவாகி முடிந்துவிட்டது. இன்று முதல் இவ்வண்டியை வைத்திருக்க ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், வேறு வண்டிக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், நம் தொழில் அதைத் தாங்குமா என்பவையே கேட்க வேண்டியவை.

சட்டம் விதித்துள்ள கெடுக்கள்

கணக்கில் இறங்குமுன் ஆர்.சி.யில் உள்ள பதிவுத் தேதியைப் பாருங்கள். இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும், வண்டியின் வயதை ஒட்டிச் சட்டம் சில கெடுக்களை வைத்துள்ளது.

முதலாவது 8 ஆண்டு. அதுவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த தகுதிச் சான்றை, அதாவது எஃப்.சி.யை, அதன் பின்னர் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு எஃப்.சி.க்கு முன்பும் டிங்கரிங், பெயிண்டிங், பிரேக், விளக்கு வேலைகள் இருக்கும். சில நாட்கள் வண்டி நிற்கும். அதுவும் செலவே.

இரண்டாவது 12 ஆண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரண்டு அச்சுள்ள சரக்கு வாகனம் 12 ஆண்டைக் கடந்துவிட்டால் அதற்குத் தேசிய பர்மிட் கிடையாது. பல அச்சு வாகனங்களுக்கு இந்த வரம்பு 15 ஆண்டு. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் வண்டிக்கு இதைவிட முக்கியமான தேதி வேறில்லை.

மூன்றாவது 15 ஆண்டு. அந்த வயதானதும் லாரி கட்டாயமாக உடைக்கப்படும் எனப் பலர் அஞ்சுகின்றனர். அது அரசுக்குச் சொந்தமான வாகனங்களுக்கு உரிய விதி. 15 ஆண்டு கடந்த அவற்றின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. தனியாரின் சரக்கு வாகனம் தகுதிச் சோதனையில் தேறும் வரை ஓடலாம். ஆனால் 2021 ஆகஸ்டு 13 அன்று தொடங்கப்பட்ட வாகன நவீனமயமாக்கல் திட்டத்துக்குப் பின், சோதனைகள் படிப்படியாகத் தானியங்கி நிலையங்களுக்கு மாறி வருகின்றன. 15 ஆண்டு கடந்த வாகனங்களின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்தது. நடப்புக் கட்டணத்தைப் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தலைநகர் தில்லிப் பகுதிக்கு லோடு எடுப்பவர்கள், பழைய டீசல் வாகனங்கள் மீது அங்குள்ள கட்டுப்பாடுகளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஓர் உத்தேசக் கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பின்வருவது விளக்கத்துக்காக நாங்கள் அமைத்த கணக்கு. தங்கள் எண்களை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

2015இல் வாங்கிய, மொத்த எடை 16.2 டன் கொண்ட ஆறு சக்கர லாரி. கடன் தீர்ந்துவிட்டது. இன்று விற்றால் ரூ.5 லட்சம் கிடைக்கும். இன்ஜின், கிளட்ச், பட்டை, டயர் வேலைகளுக்கு ரூ.3.5 லட்சம் ஆகும். செய்தால் மேலும் மூன்று ஆண்டுகள் உழைக்கும். அதன் முடிவில் ரூ.2.5 லட்சத்துக்கு விற்கலாம். ஆக, இன்றைய மதிப்பு 5, பழுது 3.5, கழிக்க வேண்டியது 2.5, மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6 லட்சம், ஆண்டுக்கு ரூ.2 லட்சம். வழக்கமான பராமரிப்பு ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் சேர்த்தால் ரூ.3.5 லட்சம்.

புதிய 18.5 டன் லாரி, பாடி கட்டி, பதிவு செய்து சாலைக்கு வர ரூ.28 லட்சம் எனக் கொள்வோம். பழைய வண்டியை விற்ற ரூ.5 லட்சத்துடன் கையிருப்பில் ஒரு லட்சம் சேர்த்து முன்பணம், மீதி ரூ.22 லட்சம் கடன். 10 சதவீத வட்டியில் 60 மாதங்களுக்குத் தவணை சுமார் ரூ.46,740; மொத்த வட்டி சுமார் ரூ.6.05 லட்சம். ஆறு ஆண்டுகளுக்குப் பின் வண்டி ரூ.11 லட்சத்துக்கு விற்கும் எனில், மதிப்பிழப்பு ஆண்டுக்கு ரூ.2.83 லட்சம், வட்டி ஆண்டுச் சராசரி ரூ.1.01 லட்சம், பராமரிப்பு ரூ.60,000, கூடுதல் காப்பீடு ரூ.30,000. மொத்தம் ஆண்டுக்குச் சுமார் ரூ.4.74 லட்சம்.

ஆக, வண்டியை வைத்திருக்கும் செலவில் மட்டும் புதியது ஆண்டுக்கு ரூ.1.24 லட்சம் அதிகம். இனி ஓட்டத்தைச் சேர்ப்போம். பழைய வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டரும் புதியது 5.5 கிலோமீட்டரும் தருகின்றன. டீசல் லிட்டர் ரூ.96 எனக் கொள்வோம்.

முதல் உரிமையாளர் நகருக்குள் ஓட்டுபவர். கட்டேதானிலிருந்து பேகம் பஜார் கிடங்குகளுக்கும் புறச் சுற்றுச்சாலையை ஒட்டிய குடோன்களுக்கும் சரக்கு எடுக்கிறார். பகலில் நகருக்குள் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் வண்டி பல மணி நேரம் காத்து நிற்கும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. புதிய வண்டி வாங்கினால் அவர் மிச்சப்படுத்தும் டீசல் சுமார் 455 லிட்டர், ரூ.44,000. அதைக் கழித்த பின்னும் புதிய வண்டியால் அவருக்கு ஆண்டுக்கு ரூ.80,000 நட்டம். அவர் பழுது பார்ப்பதே சரி.

இரண்டாமவர் அதே வண்டியை ஹைதராபாத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓட்டுபவர். ஆண்டுக்கு 75,000 கிலோமீட்டர். டீசல் மிச்சம் சுமார் 1,364 லிட்டர், ரூ.1.31 லட்சம். அதிலேயே புதிய வண்டியின் கூடுதல் செலவு ஈடாகிவிடுகிறது. பழைய வண்டி வழியில் நின்று ஆண்டுக்கு 15 நாள் ஓட்டம் கெட்டால், நாளுக்கு ரூ.5,000 வீதம் மேலும் ரூ.75,000. ஆக, புதிய வண்டியால் இவருக்கு ஆண்டுக்குச் சுமார் ரூ.80,000 ஆதாயம். அச்சுச் சுமை வரம்பு 2018இல் உயர்த்தப்பட்டதால் புதிய ஆறு சக்கர வண்டியில் சட்டப்படி கூடுதலாக ஏற்றக்கூடிய எடையை இக்கணக்கில் நாங்கள் சேர்க்கவே இல்லை.

இவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 11 வயதான இவ்வண்டியின் தேசிய பர்மிட் இன்னும் ஓராண்டுதான். மூன்றரை லட்சம் செலவழித்து மூன்று ஆண்டு உழைப்பை வாங்கினாலும், அதில் இரண்டு ஆண்டுகள் இந்தத் தடத்தில் அவருக்குப் பயன்படாது.

வண்டி ஒன்றே, வயதும் ஒன்றே, பட்டறை மதிப்பீடும் ஒன்றே. செய்யும் வேலை வேறு என்பதால் விடையும் வேறாகிறது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வனஸ்தலிபுரம் அருகிலுள்ள ஆட்டோநகர் போன்ற இடங்களில் ஒரே வேலைக்கு இரண்டு, மூன்று மதிப்பீடுகள் வாங்குவது எளிது. எழுத்து மூலம் வாங்குங்கள். தொகையைக் காட்டிலும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: ‘இந்த வேலை முடிந்த பின், அடுத்து எது கெடும்?’ அனுபவமுள்ள மெக்கானிக் இதற்கு நேரான விடை சொல்வார்.

இன்ஜின் ஆயில் குடிப்பது, கிளட்ச் நழுவுவது, டயர் தேய்வது, பட்டை ஒடிவது ஆகியவை வண்டியின் இயல்பான தேய்மானங்கள். சரிசெய்தால் வண்டி மீண்டும் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். ஆனால் சேஸில் விரிசல் கண்டு ஏற்கெனவே வெல்டிங் வைத்த இடத்தில் மீண்டும் விரிசல், கேபினின் அடித்தளத்தில் துரு, விபத்தில் கோணிய சட்டம் ஆகியவை வேறு வகை. அவற்றில் போடும் பணம் வண்டியின் ஆயுளைக் கூட்டுவதில்லை. ஓட்டுநரின் உயிருக்கும் ஆபத்து. அத்தகைய வண்டிக்குக் கணக்கே தேவையில்லை.

இன்ஜினைப் போர் அடிக்காமல் வேறு இன்ஜின் மாற்றுவதாயின், ஆர்.டி.ஓ. அனுமதியுடன் புதிய இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாவிட்டால் எஃப்.சி.யிலும் விற்பனையிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கல் வரும்.

பழைய வண்டிக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் மறுக்க இயலாது. நெடுஞ்சாலையோரம் எந்தச் சிறு பட்டறையிலும் அதைச் சரிசெய்துவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்களும் புகையைச் சுத்திகரிக்கும் அமைப்புகளும் உள்ளன. பெரும்பாலான கனரக வண்டிகளுக்கு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். கோளாறு வந்தால் நிறுவனத்தின் சேவை மையமே கதி. எனவே புதியது வாங்குபவர்கள், தாங்கள் ஓடும் தடத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சேவை மையம் உள்ளது என்பதைப் பார்த்த பின்னரே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரியும் காப்பீடும்

சரக்கு வாகனங்கள் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ.20 லட்சம் விலையுள்ள வண்டியில் இது ரூ.2 லட்சம் குறைவு. புதிய வண்டியின் விலை இறங்கும்போது பழையதன் சந்தை மதிப்பும் சற்று இறங்குவது இயல்பு. ஆகவே ஓராண்டுக்கு முன் கேட்ட விலையை வைத்துக் கணக்கிட வேண்டாம்.

‘புதிய வண்டி எடுத்தால் தேய்மானத்தில் வருமான வரி மிச்சமாகும்’ என்ற பேச்சைப் பலரும் நம்புகின்றனர். முறையான கணக்குப் புத்தகங்கள் வைத்திருப்பவர்களுக்கு அது உண்மை. வாடகைக்கு ஓடும் லாரிக்கு 30 சதவீதத் தேய்மானம் உண்டு. ஆனால் பத்துக்கு மிகாத சரக்கு வாகனங்கள் வைத்திருப்போர் பலர் உத்தேச வருமான முறையில் கணக்குத் தாக்கல் செய்கின்றனர். அம்முறையில் 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு, மொத்த எடையில் டன்னுக்கு மாதம் ரூ.1,000 வருமானமாகக் கொள்ளப்படுகிறது. தேய்மானமும் வட்டியும் தனியே கழிக்கப்படுவதில்லை. 16.2 டன் வண்டியிலிருந்து 18.5 டன்னுக்கு மாறினால், மாத உத்தேச வருமானம் ரூ.16,200இலிருந்து ரூ.18,500 ஆக உயரும். வரியை மிச்சப்படுத்துவதற்காகவே வண்டி வாங்க நினைப்போர் முதலில் தணிக்கையாளரைக் கலந்துகொள்ள வேண்டும்.

காப்பீட்டில், வண்டி பழையதாகும்போது சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டு மதிப்பு குறையும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமோ வயதைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 12 டன்னுக்கு மேல் 20 டன் வரையுள்ள வாடகைச் சரக்கு வாகனத்துக்கு அது ரூ.35,313. பழைய வண்டியானாலும் புதியதானாலும் இது ஒன்றே.

கடன் வாங்குவதாயின்

கணக்கு புதிய வண்டியைக் காட்டினாலும் இன்னொரு சோதனை உண்டு. சென்ற பன்னிரண்டு மாதங்களில் மிக மோசமான மூன்று மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வரவிலிருந்து டீசல், டோல், ஓட்டுநர் படி, வீட்டுச் செலவு அனைத்தையும் கழித்த பின், அந்த மாதங்களில் தவணைக்குப் பணம் மிஞ்சியிருக்குமா? மிஞ்சாது எனில், குறைந்தது மூன்று தவணைக்கான தொகையைத் தனியே சேமித்த பின்னரே கடனுக்கு வாருங்கள். விற்பனையாளர் காட்டும் கணக்கு எப்போதும் நல்ல மாதத்தின் கணக்காகவே இருக்கும்.

புதியதற்கும் பழையதற்கும் நடுவே ஒரு வழியும் உள்ளது. நான்கைந்து வயதான லாரியை வாங்கினால் முதல் ஆண்டுகளின் பெரும் மதிப்பிழப்பை முந்தைய உரிமையாளர் ஏற்றிருப்பார். பயன்படுத்திய வாகனத்துக்கும் வங்கிக் கடன் உண்டு; வட்டி சற்று அதிகம், காலம் குறைவு. வாங்குமுன் ஆர்.சி.யில் முந்தைய கடன் பதிவு நீக்கப்பட்டதா, வரி நிலுவை உண்டா, இ-சலான் அபராதங்கள் உள்ளனவா என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

உத்யம் பதிவு செய்த சிறு போக்குவரத்துத் தொழில்முனைவோர், தகுதியிருப்பின், வீட்டை அடமானம் வைக்காமல் கடன் உத்தரவாத நிதியத்தின் பாதுகாப்பில் கடன் பெற இயலும். மேலும், ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு உத்தரவுப்படி, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறுவட்டித் தொழில் கடன்களைத் தனிநபர்களும் குறு, சிறு நிறுவனங்களும் முன்கூட்டியே அடைத்தால், வங்கிகள் அதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. நல்ல பருவத்தில் கூடுதலாகக் கட்டிக் கடனைக் குறைத்துக்கொள்ள இது உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாருங்கள். வண்டி நின்றுபோய், வருமானமும் நின்ற பின் வரும் விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கின் வரவு மெலிந்திருக்கும். அவசரத்தில் அதிக வட்டிக்கு வெளியே கடன் வாங்க நேரிடும். அந்நிலையில் நல்ல வண்டிகூடச் சுமையாகிவிடும்.

தவணை முடிந்த மாதம்

2015 நவம்பர் முதல் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி, வீடுவீடாகக் குப்பை சேகரிக்கச் சுமார் 2,000 ‘ஸ்வச் ஆட்டோ’ டிப்பர்களை ஓட்டுநர்களுக்கே உரிமையாக்கும் திட்டத்தைச் செயல்படுத்தியது. வங்கிக் கடனில் வாங்கிய வண்டி. வீடுகள் மாதந்தோறும் தரும் சிறு கட்டணமே வருவாய். அந்த முதல் தொகுதி வண்டிகள் பத்து ஆண்டைக் கடந்துவிட்டன. ஈரக் குப்பை உடலைத் தின்னும். தெருத்தெருவாக நின்று நின்று ஓடுவது கிளட்சைத் தேய்க்கும். பழுதா, புதிதா என்ற கேள்வி சிறு வண்டிக்காரரையும் விடுவதில்லை.

தவணை முடிந்தவுடன், வண்டி இனி இலவசமாக உழைக்கிறது என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அது தன் மதிப்பை நாள்தோறும் இழந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசித் தவணை கட்டிய மறு மாதமே, தவணைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையேனும் தொடர் வைப்பில் போடத் தொடங்குங்கள். மாதம் ரூ.10,000 வீதம் நான்கு ஆண்டுகளில், வட்டி நீங்கலாகவே ரூ.4.8 லட்சம் சேரும். அப்போது பட்டறை மதிப்பீடு வந்தாலும் புதிய வண்டி வந்தாலும் முடிவு தங்கள் கையில் இருக்கும்.

பழையதை விடும்போது

ஓட இயலாத வண்டியைப் பதிவை நீக்காமல் காயலான் கடையில் விற்க வேண்டாம். ஆர்.சி. தங்கள் பெயரில் இருக்கும்வரை வரியும் பொறுப்பும் தங்களுடையதே. பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புதிய வண்டி பதிவு செய்யும்போது பதிவுக் கட்டணம் விலக்கப்படும். மத்திய விதிகளின்படி சரக்கு வாகனங்களுக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகைக்கும் இடமுண்டு. மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறுபடும் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முடிவெடுக்குமுன் தங்களிடம் இருக்க வேண்டியவை இவை: ஆர்.சி.யும் பர்மிட்டும், கடந்த ஓராண்டின் கிலோமீட்டர், டீசல், பழுது, வண்டி நின்ற நாட்கள் ஆகியவற்றைக் குறித்த ஒரு சிறு நோட்டு, இரண்டு பட்டறைகளின் எழுத்து மதிப்பீடு, இன்று வண்டி போகும் விலை. இவற்றுடன் அருகிலுள்ள எங்கள் கிளைக்கு வாருங்கள். கடன் விண்ணப்பம் இல்லாமலும் வரலாம். கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.